வட்டம் சுற்றுகிற நேரம்

பாளையங்கோட்டைத் தில்லைநாயகம் வீட்டுக் கம்ப்யூட்டர் கண் விழிக்கிற அழகை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பொத்தானை அமுக்கிவிட்டு, பாபநாசம் போய் அருவியில் குளித்து, ஈரத் துண்டோடு திரும்பினாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். நான் சொல்வது பொய்யென்றால் துண்டைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருக்கும்.

கோர்ட்டு குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷனுக்கு ஒரே சுகம், காலையில் முகம் தெரியாத துருக்கிக்காரன் ஒருவனோடு கம்ப்யூட்டரில் செஸ் ஆடுவது. அதற்கும் வந்தது வினை. வட்டம் சுற்றத் தொடங்கியதுமே அடுக்களையிலிருந்து சம்சாரம் சண்முகசுந்தரியின் குரல் வரும்.

"இங்கேருங்க, அது முழிக்க நேரமாவும்லா. அதுக்குள்ள இந்தத் தேங்காயத் துருவிருங்க."

"நேத்துதான துருவுனேன்?"

"நேத்துத் துருவுனத நேத்தே தின்னாச்சு. இது வேற தேங்கா."

தேங்காய் முடிந்தால் உளுந்து. உளுந்து முடிந்தால் கீரை. துருக்கிக்காரன் அங்கே காயை நகர்த்திவிட்டுக் காத்திருந்து, சும்மா உட்கார்ந்தே ஜெயித்துக்கொண்டிருந்தான்.

சின்ன வெங்காயம் உரிக்கச் சொன்ன அன்று, இந்தக் கம்ப்யூட்டரைச் சரி பண்ணியே தீருவதென்று தில்லைநாயகம் சபதம் எடுத்தார். கண்ணீரோடு எடுத்ததால் அதற்கு ஒரு கனம் இருந்தது.

மத்தியானம் சுந்தரி கண்ணசந்த நேரம். செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்து, கம்ப்யூட்டரோடு சேர்ந்தே எழுந்து ஓடி அதை இழுத்துப் பிடிக்கிற புரோகிராம்கள் இருக்கும் இடத்தைத் திறந்தார். திறந்தவர் அசந்துபோனார். கல்யாண வீட்டுக் கூட்டம்.

பிரிண்டரை மச்சினனுக்குத் தூக்கிக் கொடுத்து வருஷக் கணக்காகிறது. அதைக் கவனிக்க வந்த புரோகிராம் ஆசாமி மட்டும் இங்கேயே தங்கி, தினமும் காலையில் எழுந்து, பிரிண்டர் எங்கே என்று வீடு முழுக்கத் தேடுகிறான். திருச்செந்தூரில் அலை கொண்டுபோன கேமராவுக்கு ஓர் ஆள். மகள் சுப்ரஜா கல்லூரிப் பாடத்துக்குப் போட்டது இன்னொன்று. அவள் பிள்ளையே பள்ளிக்கூடம் போகிறது, இது இன்னும் பரீட்சைக்கு எழுந்துகொள்கிறது. யாருக்காக இவையெல்லாம் விழிக்கின்றன? ஓய்வு பெற்ற மறுநாளும் சட்டையை மாட்டிக்கொண்டு கோர்ட்டு பஸ்ஸுக்கு நின்றது அவருக்கு ஞாபகம் வந்தது.

"போதும்வே, பையப் படுத்துக்கிடும்" என்று ஒவ்வொன்றையும் மரியாதையாகவே நிறுத்தினார்.

மறுநாள் பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் திரை பளிச்சென்று வந்து நின்றது.

"ஏளா சுந்தரி, வந்து பாரு. இனி தேங்காய நீயே துருவிக்கோ."

சுந்தரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பார்த்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. எனக்கு இப்ப ஆரி எம்ப்ராய்டரி கிளாஸ். செல்போன்ல பாத்தா ஊசியே தெரிய மாட்டேங்கு."

"அப்ப என் செஸ்ஸு?"

"அதச் செல்போன்ல ஆடுங்க. யானையும் குதிரையும் பெருசாத்தான இருக்கும்."

"இது மெதுவா வாரது உனக்கும் இடைஞ்சல்னா முன்னாலயே சொல்லப்படாதா?"

"சொன்னேன். பாப்போம்னு சொன்னிய. சரி பண்ணுங்கன்னா நீங்க பண்ண மாட்டிய. தேங்கா துருவச் சொன்னா, அதுலருந்து தப்பிக்க என்னத்தையும் கத்துக்கிடுவிய. வெங்காயம் வரைக்கும் தாங்குவியன்னுதான் நான் நெனைக்கல."

தில்லைநாயகம் செல்போனைக் கையில் எடுத்தார். சுந்தரி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"வாஷிங் மெஷினு ரெண்டு நாளா ஒரு மாதிரி சத்தம் போடுது. நாளையிலருந்து துணிய நீங்க கையால தொவச்சுருங்க."