கைதூக்கி அண்ணனின் மூன்றாவது எட்டு

கோயமுத்தூர் வட்டாரத்தில் கூடைப்பந்து ஆடியவர்களிலேயே, நடுவருக்கு வேலை வைக்காத ஒரே மனிதர் எங்கள் கைதூக்கி அண்ணன்தான். நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் இவர் கையைத் தூக்கிவிடுவார். "நான்தானுங்க இடிச்சது!"

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அவர் சூலூர்ப் பக்கம் ஒரு மில்லில் ஃபிட்டர். மில் அணியின் ஆட்டக்காரர். நான் அந்த அணிக்கு ஸ்கோர் எழுதுகிறவன். ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே போக வேண்டும் என்பது விதி. நடுவர் பார்க்காததையும் சேர்த்து ஒப்புக்கொள்கிறவர் எத்தனை நேரம் உள்ளே இருக்க முடியும்? பாதி ஆட்டத்திலேயே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்பார்.

ஒருமுறை பல்லடத்துக்காரர் ஒருவர் வாயில் இவர் முழங்கை பட்டுவிட்டது. அண்ணன் கையிலிருந்த பந்தைக் கீழே போட்டுவிட்டு, "ஏனுங்க, வலிக்குதுங்களா?" என்று அவர் கன்னத்தைத் தடவிக்கொடுத்தார். அந்தப் பந்தை எதிரணி எடுத்துப் போய்க் கூடையில் போட்டுவிட்டது. எங்கள் கோச் கொதித்துப் போனார்.

"ஏப்பா, நீ பந்தாட வந்தியா, பொண்ணு பார்க்க வந்தியா?"

"பல்லு ஆடுதுங்கறாருங்க சார், பாவம்."

இப்பேர்ப்பட்டவரும் ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தார். பொள்ளாச்சி அணியோடு இறுதி ஆட்டம். அதிசயமாக அன்று நாலு ஃபவுலோடு நிறுத்திக்கொண்டார். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது, கடைசி நொடியில் பாய்ந்து கூடையில் போட்டார். கூட்டம் அவரைத் தோளில் தூக்கியது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். யாரோ அதில் ஒரு லட்டைத் திணித்துவிட்டார்கள்.

அஞ்சாறு வருஷம் கழித்து, வட்டாரத்தின் சிறந்த கூடைப்பந்து ஆட்டக்காரர்களின் படங்களை மாட்ட எங்கள் சங்கம் ஒரு சுவரை ஒதுக்கியது. கோப்பை வென்று தந்தவர்களுக்கு மட்டுமே இடம். அண்ணனையும் தேர்ந்தெடுத்தார்கள். மனிதர் பூரித்துப் போனார். புது சஃபாரி தைத்து, சொந்தபந்தங்களை வேன் பிடித்துக் கூட்டி வந்தார்.

சங்கத் தலைவர் படத்தைக் கையில் எடுத்ததும் முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. வேறு யார், அண்ணன்தான்.

"தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்குக் கடைசிப் பந்தைத் தட்டாமயே மூணு எட்டு வெச்சுபோட்டனுங்க. ரெண்டு எட்டுக்கு மேல போனா அது செல்லாதுங்க. லட்டு எறங்கறதுக்குள்ள கோப்பையைக் குடுத்துபோட்டாங்க. அப்பறம் ஆசை வந்துருச்சுங்க. படம் வேண்டாமுங்க."

அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "ஏனுங்க, இதை ஊட்டுலயே சொல்லியிருந்தா வேன் புடிச்சிருக்க வேண்டாமல்லங்க?"

தலைவர் விழித்தார். கோப்பை செல்லாதென்றால் படமும் கிடையாதே! அப்போது விருந்தினராக வந்திருந்த பழைய பொள்ளாச்சி அணித் தலைவர் எழுந்தார். இப்போது கொப்பரை வியாபாரி.

"மூணு எட்டு வெச்சது எனக்கும் தெரியுமுங்க. பக்கத்துலதான நின்னேன். ஆனா அன்னிக்கு நடுவர் பார்க்காத நாலு ஃபவுலை இவராத்தான் சொன்னாருங்க. அதுக்குக் கெடைச்ச ஃப்ரீ த்ரோவுல எங்களுக்கு ஆறு புள்ளி. அதைக் கழிச்சா நாங்க எப்பவோ தோத்துபோட்டமுங்க. மாட்டுங்க படத்தை!"

யாரும் அசையாததைப் பார்த்து, அந்தக் கொப்பரை வியாபாரியே நாற்காலியில் ஏறி மாட்டினார். கீழே ஆணி டப்பாவோடு நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கமில்லை. அந்தச் சுவரில் அண்ணனைவிட நன்றாக ஆடியவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் போய் நிற்பது அவர் படத்துக்கு முன்னால்தான்.