டிவியின் மூன்று ஓட்டைகளும் உன் சித்தப்பாவும்

என் அன்பு மகளுக்கு,

உடம்பில் பழைய ரத்தக்கொதிப்பும் மனதில் புதிய கொதிப்பும் உள்ள உன் அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் வீட்டு மின் இணைப்பும் நலம். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் நீ தேறிய செய்தி கேட்டு உச்சி குளிர்ந்தேன். 'கேட்டு' என்றுதான் எழுதியிருக்கிறேன், 'பார்த்து' என்று எழுதவில்லை, கவனி. போனில் சொல்லலாமென்றால் உன் அம்மா பக்கத்தில் நின்று திருத்தம் சொல்லிக்கொண்டே இருப்பாள், ஆகவே கடிதம்.

எல்லாவற்றுக்கும் காரணம் உன் சித்தப்பா. போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டே மறு கையால் லேப்டாப்பையும் டிவியையும் கேபிளால் இணைத்து, ஊர்ப்பட்ட போட்டோவெல்லாம் பெரிசாகக் காட்டினார். டீ ஒரு சொட்டு சிந்தவில்லை. சிந்தியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. "பார்த்தீங்களா, தங்கச்சி வீட்டுக்காரர் எவ்வளவு லட்சணமா செய்றார்" என்றாள் உன் அம்மா. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்தாறு வருஷம் மின் பரிசோதகர் நான். ஒன்பது மாடிக் கட்டடத்தையே கையெழுத்துப் போடாமல் நிறுத்தி வைத்தவன். அவரோ துணிக்கடை மேனேஜர். ஆமாம், பொறாமைதான், வயிறு எரியத்தான் செய்தது, உன்னிடம் மறைப்பானேன்?

அதனால்தான் ஆன்லைனில் நடக்கும் உன் தேர்வை லேப்டாப்பிலிருந்து நம் வீட்டு டிவியில் காட்டுகிறேன் என்று நானே அவரையும் சித்தியையும் மாடிவீட்டு டீச்சரையும் கூப்பிட்டேன். நாலு மணிக்குத் தேர்வு, மூன்றரைக்கே நாற்காலியெல்லாம் போட்டாச்சு. என் வழக்கம் உனக்குத் தெரியும், மெயினை அணைக்காமல் எந்த ஒயரையும் தொடமாட்டேன். அணைத்தேன், 'தொடாதே' அட்டையையும் மாட்டினேன், கேபிளைச் செருகினேன், மெயினைப் போட்டேன். டிவி உயிர் வர ரெண்டு நிமிஷம், வைஃபை வர நாலு நிமிஷம், வந்து பார்த்தால் ஏதோ மாவரைக்கிற மெஷின் விளம்பரம் ஓடுது. சரி, பின்னாடி ஒரே மாதிரி மூணு ஓட்டை இருக்கே, அடுத்த ஓட்டைன்னு மறுபடியும் மெயினை அணைச்சேன். மறுபடியும் அதே மெஷின், இப்ப பாதி விலைக்கு. ஃபேன் நின்னு நின்னு டீச்சர் முந்தானையால விசிறிக்கிட்டாங்க. உன் சித்தப்பா மெதுவா, "அண்ணே, இதுக்கெல்லாம் மெயினை அணைக்க வேணாம்ணே, ரிமோட்லயே எந்த ஓட்டைன்னு மாத்திக்கலாம்"னார். "நீங்க துணி கிழிங்க, கரண்டை நான் பார்த்துக்கறேன்"னுட்டேன். அவர் சிரிச்சுக்கிட்டே ரிமோட்டை என் பக்கத்துல வச்சார். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

மூணாவது தடவை அணைச்சப்ப மணி மூணு அம்பத்தஞ்சு. உன் அம்மா எழுந்தாள். "ரெண்டு தெரு தள்ளித்தானே, அவங்க வீட்டுலயே பார்த்துடலாம், வாங்க"ன்னு எல்லாரையும் கிளப்பிட்டா. லேப்டாப்பையும் தூக்கிக்கிட்டா, "இங்க இருந்தா இதையும் பிரிச்சு மேய்ஞ்சிடுவீங்க"ன்னு. நான் போகலை, ரோஷம். என் போன் பட்டன் போன். ஆக, என் மகள் டாக்டரானப்ப நாலு காலி நாற்காலி நடுவுல ஒரு கேபிளைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்மா.

இதுல நீ வேற அம்மாகிட்ட, "சித்தப்பா வீட்டு டிவியில எல்லாரையும் ஒண்ணா பார்த்தது சந்தோஷமா இருந்துச்சு"ன்னு சொன்னியாம். எல்லாரும்னா யாரு? உனக்கு சைக்கிள் கத்துக்கொடுத்தது அவரா? இனி நீ எது பேசினாலும் அவர் வீட்டு டிவியில் தெரியக் கூடாது. இது என் கண்டிப்பான உத்தரவு.

மற்றபடி நேரத்துக்குச் சாப்பிடு, ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே. பட்டங்களும் பதவிகளும் உன் வீட்டு வாசலில் வரிசையில் நிற்கட்டும்.

என்றும் உன்,
அப்பா

பி.கு.: கவரை ஒட்டப் போகையில் சித்தப்பா வந்தார். அன்றைய தேர்வை முழுக்கப் பதிவு செய்து ஒரு பென் டிரைவில் கொண்டுவந்து, தானே டிவியில் சொருகினார். நான் மெயின் பக்கம் போகவில்லை. முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன். முடிவு சொன்னதும் நீ, "அப்பா எங்கே?" என்று கேட்கிறாய். உன் அம்மா விழிக்கிறாள். சித்தப்பா கண் இமைக்காமல், "இங்கதாம்மா இருக்கார், அழுகை வந்துடுச்சு, கண்ணைத் துடைக்க உள்ளே போயிருக்கார்" என்கிறார். நீயும் உடனே கண்ணைத் துடைத்துக்கொள்கிறாய். இவ்வளவு நல்ல மனுஷனாக இருந்து தொலைத்தால் நான் யார்மேல்தான் பொறாமைப்படுவது? ஆகவே மேலே எழுதிய எதுவும் நடக்கவில்லை என்று அறிக. அன்றைக்கு நான் அவர் வீட்டில்தான் இருந்தேன். உள்ளே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.