இருபது நிமிடம் முன்னால் திறந்த நோன்பு

நெய்வேலியில் சூரியனையே சந்தேகப்பட்ட ஒரே மனிதர் எங்கள் 'அஞ்சு நிமிஷ பாய்'தான். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பல வருடம் ஒரே ஷிப்டில் அவருக்கு ஜோடி நான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ரமலானில் ஊரெல்லாம் பள்ளிவாசல் பாங்கு கேட்டதும் நோன்பு திறக்கும். பாய் திறக்கமாட்டார். கடிகாரமும் ஆகாது, செல்போனும் ஆகாது. மார்க்கத்தில் சூரியன் என்றுதான் இருக்கிறதாம், பேட்டரி என்று இல்லையாம். கஞ்சிக் கிண்ணத்தோடு குவார்ட்டர்ஸ் மொட்டை மாடிக்கு ஏறி மேற்கே முறைத்துக்கொண்டு நிற்பார். டவுன்ஷிப்பில் மரங்களுக்கா பஞ்சம்? பாதி நாள் அவர் முறைத்தது புங்கமரத்தைத்தான். சூரியன் போன பிறகும், திரும்பி வந்துவிடுமோ என்று ஐந்து நிமிடம் காவல் வேறு. அதற்குள் கீழே அவர் மனைவி நோன்பு திறந்து, பாத்திரமும் கழுவி முடித்திருப்பார்.

ஒருமுறை நோன்பு நேரத்தில், பண்ருட்டியிலிருந்து வந்த முந்திரியை யாரோ நீட்ட, பேச்சு சுவாரசியத்தில் வாயில் போட்டுவிட்டார். நினைவு வந்ததும் துப்பிவிட்டு வாய் கொப்பளித்தார். மறந்து தின்றால் நோன்பு முறியாது என்று எனக்கு விளக்கமும் சொன்னார். சட்டம் இவ்வளவு சௌகரியமாக இருக்கும்போது இன்னொருமுறை மறக்கலாமே என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் ஒரு நோன்புகூட விட்டதில்லை. கொளுத்தும் வெயிலில், சுரங்கப் புழுதியில், எதிலும் விட்டதில்லை. அவருக்கு இருந்த ஒரே கர்வம் அது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசி ரமலானும் வந்தது. ஐந்து நிமிடக் காவல் விஷயம் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்தின் காதுக்கு எட்டியது. சூரியன் மறைந்த பிறகு வேண்டுமென்றே தாமதிப்பது பக்தியில் சேராது, உடனே திறப்பதுதான் முறை என்று பாயைப் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டார். பாய் மனம் திருந்தினார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் இரண்டாம் ஷிப்ட். சுரங்கத்தின் அடியில் நாங்கள் இருவர்தான். பாயின் தூக்கில் கஞ்சியும் வடையும் இருந்தன. அவர் நோன்பு திறந்தால்தான் எனக்குப் பங்கு. பெல்ட் சத்தத்தில் பாங்கு காதில் விழாது. என் கண்ணோ வடைமேல். வெளிச்சம் மங்கியது, சூரியனைக் காணோம்.

"போயிடுச்சு பாய். தொறங்க" என்றேன். என் கையில் வாட்ச் கட்டியிருந்தேன். பார்க்கவில்லை.

பாயும் மேற்கே ஒரு பார்வை பார்த்தார். பிஸ்மி சொல்லிப் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார், தண்ணீர் குடித்தார். நான் இரண்டாவது வடையில் இருந்தபோது, சாமான் எடுக்க மேலே போகச் சொல்லி ஜீப் வந்தது. சரிவில் ஏறி விளிம்புக்கு வந்தோம். வெட்டிக் கொட்டிய மண்மலைக்கு மேலே சூரியன் செக்கச்செவேலென்று முழுசாக உட்கார்ந்திருந்தது. பள்ளத்தில் இருந்த எங்களுக்குத்தான் அது மறைந்திருந்தது. அப்போதுதான் வாட்ச்சைப் பார்த்தேன்; பாய் நோன்பு திறந்தது இருபது நிமிடம் முன்னால்.

வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, நிஜமாகவே சூரியன் மறையும்வரை பாய் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

பிறகு ஹஜ்ரத்திடம் போனோம். தெரியாமல் செய்ததால் பாவமில்லை, ஆனால் சூரியன் இருந்திருக்கிறது, அதனால் அந்த நோன்பு சேராது, பெருநாளுக்குப் பிறகு அதற்கு ஈடாக ஒரு நாள் களா நோன்பு பிடிக்கவேண்டும் என்றார். சூரியன் போய்விட்டதாக யார் சொன்னது என்றும் கேட்டார். வாசலில் நின்ற நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"எவனும் சொல்லல ஹஜ்ரத். நாந்தான் பாத்தேன்" என்றார் பாய்.

பெருநாள் முடிந்து அவர் களா பிடித்த அன்று காலை ஷிப்ட். ஒரு நாளைக்கு ஆறு டீ குடிக்கும் நான், அன்று கேன்டீன் பக்கமே போகவில்லை. மத்தியானம் பாய் கண்டுபிடித்துவிட்டார்.

"நான் கெடுத்த நோன்பு பாய். பாதி என்னுதுதான்."

"நோன்புல பாதி பங்குலாம் கெடையாது தம்பி."

அவரே போய் டீ வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். "குடி. நான் பாத்துகினு நிக்கிறேன்."

காய்ந்த உதட்டோடு, நான் கடைசி வாய் குடிக்கும்வரை நின்றார். இப்போது ஓய்வு பெற்றுச் சேத்தியாத்தோப்பில் மகள் வீட்டில் இருக்கிறார். அவர் இல்லாமல் ஷிப்டுக்குப் போவது எனக்கு இன்னும் பழகவில்லை.