காய்ச்சிய பால் குறித்து சம்பந்திக்கு என் விளக்கம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பணிவான வணக்கம். இங்கே நானும் என் பதினொரு மாடுகளும் நல்ல உடல்நலத்தோடு இருக்கிறோம். அதுதான் இப்போது பிரச்சினையே என்று மாட்டு டாக்டர் சொல்கிறார். அங்கே அனைவரும் நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். தாங்கள் முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்தவர். என் போன கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியிருந்தீர்கள். இதையும் திருத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முழுதும் படித்துவிட்டுத் திருத்துங்கள்.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தாங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "பாலைக் காய்ச்சினீங்களா?" "மூணு தடவை பொங்கவிட்டேன் சம்பந்தி" என்றேன். "சரி, போயிட்டு வாங்க" என்று கதவைச் சாத்திவிட்டீர்கள். நான் போகவில்லை, அங்கேயேதான் நின்றேன். சாணி ஒட்டிய என் செருப்பைப் பார்த்த நர்சம்மா, "பெரியவரே, கையைக் கழுவிட்டு நில்லுங்க" என்றார். முழங்கை வரை கழுவினேன், திரும்பவும் கழுவினேன், அந்தச் சோப்பு நுரையில் நின்றுகொண்டு கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நம் பேத்தி, ஆறு வயதுக் குழந்தை. ஒரு பக்கம் ரத்தம் வெளியே போகிறது, இன்னொரு பக்கம் சுத்தமாகித் திரும்பி வருகிறது, நடுவில் ஒரு மெஷின். நாலு நாள் லீவுக்கு என் வீட்டுக்கு வந்த பிள்ளை, ஊருக்குத் திரும்பிய மறுநாள் வயிற்றுப்போக்கு, அதில் ரத்தம், அப்புறம் சிறுநீரகமே நின்றுபோச்சு என்றால் எந்தத் தாத்தாவுக்குச் சோறு இறங்கும், சொல்லுங்கள்.

மறுநாளே மாட்டு டாக்டரை வரவழைத்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இது மாட்டோட குடல்ல இருக்கிற கிருமிங்க. மாட்டுக்கு ஒண்ணுமே பண்ணாது. அது பாட்டுக்குக் குடித்தனம் இருக்கும். மனுஷன் வயித்துக்குள்ள போனாத்தான் வேலையைக் காட்டும், அதுவும் சின்னப் பிள்ளைன்னா கேட்கவே வேணாம்." "என் மாடுங்களைப் பாருங்க டாக்டர், கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கே!" என்றேன். "பளபளப்பு தோல்லங்க. நான் சொல்றது குடல்ல."

கன்று உட்பட எல்லா மாட்டின் சாணத்தையும் தனித்தனி டப்பாவில் எடுக்கச் சொன்னார். சம்பந்தி, நான் வெள்ளை வேட்டி கட்டிய நாளெல்லாம் கேட்காமலே போட்ட மாடுகள் இவை. அன்றைக்கு டப்பாவோடு பின்னால் போய் நின்றால் ஒன்றுகூட அசையவில்லை. இரண்டு மணி நேரம் ஒவ்வொன்றின் வாலடியிலும் வரம் கேட்பவன் மாதிரி நின்றேன். "கொஞ்சம் மனசு வைம்மா" என்று கெஞ்சியதைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலிக்கு மேலே பார்த்துவிட்டு, "தனியா இருந்தா இப்படித்தான்" என்று தன் மனைவியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

ஆனால் எனக்கு முடிவு வரும்வரை பொறுமை இல்லை. குற்றவாளி யார் என்று எனக்குத் தெரியும். துரை. புட்டியில் கொடுத்தால் மட்டுமே குடிப்பான், வாளியில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான், அதனால் அந்தப் பெயர். குழந்தை நாலு நாளும் அந்தக் கன்றுக்குட்டியோடுதான் கிடந்தாள். அவன் அவள் கையை நக்குவான், அவள் அதே கையால் பிஸ்கட் தின்பாள். கிருமி போக வேறு வழியே இல்லை. "ரிசல்ட் வரட்டுங்க, அவசரப்படாதீங்க" என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. அடிமாட்டு வியாபாரியின் வேனைக் கூப்பிட்டேன். துரையைக் கட்டி இழுக்க வேண்டியிருக்கவில்லை. வியாபாரி விரலை நீட்டினார், அதைப் புட்டி என்று நினைத்துச் சப்பிக்கொண்டே தானாக ஏறிவிட்டான். உள்ளே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கொட்டகைக்குள் போய், எடுக்க ஒன்றுமில்லாத இடத்தில் எதையோ தேடினேன்.

நியாயம் செய்துவிட்டேன் சம்பந்தி. பால் மேல் தவறில்லை. குழந்தையே சொல்லியிருக்கிறாள் அல்லவா? "டாக்டர் திருப்பித் திருப்பிக் கேட்டாருப்பா, பச்சைப் பால் குடிச்சியான்னு. இல்லைன்னு தலையாட்டிட்டா" என்று என் மகள் போனில் சொன்னாள். மெஷினை எடுத்துவிட்டார்கள், நேற்று இரண்டு வாய் சாப்பிட்டாள் என்றும் சொன்னாள். போனை வைத்துவிட்டு ஒரு மூச்சு அழுதேன். ஆகையால் மனம் இரங்கி, அவளை ஒரே ஒருமுறை பார்க்க அனுமதிக்க வேண்டும். கையைக் கழுவிவிட்டே வருகிறேன்.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள். குழந்தை நீண்ட ஆயுளோடு, என் கண் படாத தூரத்தில் இருந்தாலும், நன்றாக இருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் மாட்டு டாக்டர் போன் செய்தார். துரையிடம் ஒன்றும் இல்லையாம். சுத்தம். கிருமி இருப்பது மூத்த மாட்டிடம், நான் ஊரெல்லாம் பெருமை பேசும் அந்தப் பால்காரியிடம். வியாபாரிக்குப் போன் போட்டேன். "அது அன்னைக்கே முடிஞ்சுதுங்க" என்றார்.

மேலே பாலைப் பற்றி எழுதியதை எல்லாம் சிவப்பு மையில் அடித்துவிடுங்கள். மூன்று தடவை பொங்கவில்லை, ஒரு தடவைகூட அடுப்பில் வைக்கவில்லை. கறந்த சூட்டோடு, நுரையோடு, நாலு காலையும் நானே டம்ளரில் கொடுத்தேன். "இதுதான் சத்து, உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே, என்னைத் திட்டுவா" என்றேன். "சத்தியமா சொல்ல மாட்டேன் தாத்தா" என்றாள். அத்தனை ஊசி குத்தியும் அவள் சொல்லவில்லை. என்னைப் பார்க்க விட வேண்டாம். ஆனால் அவளிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள், தாத்தாவே சொல்லிவிட்டார், இனி நீ சொல்லலாம் என்று.