பிளாஸ்டிக் இல்லாத வீட்டிலிருந்து மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அங்கே நீங்களாவது நலமாக இருக்க வேண்டும். போன் பிளாஸ்டிக், காதில் வைக்க மனமில்லை, அதனால்தான் கடிதம்.

ஏழாம் மாதம் ஓய்வெடுக்க வந்த பெண்ணை அப்பா பாடாய்ப் படுத்துகிறார், வந்து கூட்டிப் போங்கள் என்று மகள் உங்களிடம் சொல்லியிருப்பாள். தயவுசெய்து வந்துவிடாதீர்கள். என் பக்கத்தையும் கேளுங்கள்.

பரிசோதனைக்குப் போனபோது என் கையில் பேப்பர் கப் டீயைப் பார்த்த டாக்டரம்மா, "சூடா எதையும் இதுல குடிக்காதீங்க, உள்ளே மெல்லிசா பிளாஸ்டிக் பூசியிருக்கு" என்றார். பிளாஸ்டிக் பொடிப்பொடியாக உதிர்ந்து காற்றிலும் தண்ணீரிலும் கலந்து உடம்புக்குள் போகிறதாம். ரத்தத்தில், நஞ்சுக்கொடியில்கூடப் பார்த்திருக்கிறார்களாம். உள்ளே போய் என்ன செய்யும் என்று கேட்டேன். "இன்னும் முழுசா தெரியல. ஆராய்ச்சி நடக்குது. சூடானதை பிளாஸ்டிக்ல வைக்காதீங்க, தூசியை ஈரத்துணியால துடைங்க. மத்தபடி பயப்படாதீங்க" என்றார். தெரியாது என்றும் சொல்லிவிட்டு, பயப்படாதே என்றும் சொன்னால் எப்படி? நான் ஆயுள் முழுக்கக் கடிகாரம் பழுதுபார்த்தவன். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் பல்சக்கரத்தில் மாட்டி, நன்றாக ஓடிய கடிகாரம் நின்றுபோனதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பேரக்குழந்தையின் இதயம் இப்போது என் கடைக்கு வந்த மிகச் சின்னக் கைக்கடிகாரத்தின் அளவுதான் இருக்கும்.

அன்றே டப்பாக்களையெல்லாம் வெளியே தள்ளினேன், உப்பும் சர்க்கரையும் ஒரே மாதிரி கண்ணாடி பாட்டிலுக்கு மாறியதில் உங்கள் அத்தை உப்புப் போட்டுக் காபி கலந்தாள், காய் நறுக்கும் பலகையும் பிளாஸ்டிக் என்று எறிந்துவிட்டதால் என் வேலை மேசையில் வைத்து நறுக்கினாள், சாப்பாட்டில் ஒரு திருகாணி வந்தது, இரும்புதானே பரவாயில்லை என்றேன், அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. பாலியஸ்டர் என்று ஜன்னல் திரைகளைக் கழற்றினேன், எதிர்வீட்டுக்காரர் இப்போது நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார். கடைசியாக மகளின் டூத்பிரஷைக் கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து, "பிளாஸ்டிக்கை நினைச்சா எனக்குப் பயமில்லப்பா. உங்களை நினைச்சாத்தான் பயமா இருக்கு" என்றாள்.

உண்மையைச் சொன்னால், என் பயம் அவளுடையதைவிடப் பெரியது, மாப்பிள்ளை. அவள் ஒவ்வொரு வாய் தண்ணீர் குடிக்கும்போதும் நான் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அதனால்தான் அவளுடைய தட்டு, டம்ளர், பால் பாத்திரம் கழுவுவதை மட்டும் யாரிடமும் விடுவதில்லை. பழைய பிசுக்கு துளியும் இருக்கக்கூடாதென்று மறுபடி மறுபடி அழுத்தித் தேய்த்ததில் என் கைத்தோல் உரிந்துவிட்டது. இந்த ஊரிலேயே அவளுக்குப் பத்திரமான இடம் இந்த வீடுதான். பிரசவம்வரை இங்கேயே விட்டுவையுங்கள்.

ஆபீசில் டீயைக் கண்ணாடி டம்ளரில் கேட்டு வாங்கிக் குடியுங்கள். நீண்ட ஆயுளோடும் சுத்தமான ரத்தத்தோடும் நீங்கள் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

மாமா

பி.கு.: கடிதத்தை மடிக்குமுன் பால் பாத்திரத்தைத் தேய்க்கப் போனேன். போன வாரம் வாங்கிய பச்சை ஸ்க்ரப்பர் கையில் பாதிதான் இருந்தது. கடை லென்ஸைக் கண்ணில் மாட்டிப் பார்த்தேன். அது பிளாஸ்டிக் நார். கழுவிக் கவிழ்த்த அவளுடைய டம்ளரின் அடியில் பச்சையாக ஓர் இழை ஒட்டியிருந்தது. மற்றப் பாதி எங்கே போனது என்று வீட்டில் யாரிடமும் கேட்க எனக்குத் தைரியமில்லை. கடிதம் கிடைத்ததும் புறப்பட்டு வந்து அவளைக் கூட்டிப் போங்கள்.