ஒன்ஸ்மோர் அண்ணனின் காது

நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் நடந்த இலவசக் கச்சேரி ஒன்றைக்கூட ஒன்ஸ்மோர் அண்ணன் தவறவிட்டதில்லை. ஒன்றைக்கூடக் காதால் கேட்டதும் இல்லை.

விழுப்புரம் பக்கம் ஒரு கல் கிரஷரில் பல வருடம் வேலை பார்த்து, இரண்டு காதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர் அவர். நான் திருப்பூர், ஓசூர் என்று சுற்றிவிட்டு நெய்வேலிக்குக் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தபோது அவருடைய அறையில்தான் இடம் கிடைத்தது. அறையில் நான்கு பேர். ஃபேன் காற்று இரண்டு பேருக்குத்தான் எட்டும், முறை வைத்துக்கொண்டோம். பகலில் டவுன்ஷிப் பிளாக்குகளில் சருகு கூட்டி அள்ளுவோம். சாயங்காலமானால் கச்சேரி தேடுவோம். கோயில் திருவிழாவோ கடைத் திறப்பு விழாவோ, டிக்கெட் மட்டும் இருக்கக் கூடாது.

அண்ணன் நேராகப் போய் ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி நின்று, காய்ச்சல் பார்ப்பது மாதிரி அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார்.

“இன்னாண்ணே, கேக்குதா?”

“நெஞ்சுல கேக்குது தம்பி. காது இன்னாத்துக்கு?”

எதிரே நின்று பேசினால் போதும், வாயசைவை வைத்தே பேச்சைப் பிடித்துவிடுவார். காது கேட்காதவர் என்று அடித்துச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். மேடையில் மட்டும் மைக் வந்து வாயை மறைத்துவிடும். அதனால் பெட்டி அதிர்வது நின்றால் பாட்டு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, உடனே “ஒன்ஸ்மோர்!” என்று கத்துவார். பேச்சுக்கும் பெட்டி அதிரும் என்பது அவர் கணக்கில் சேரவில்லை.

ஒரு திருவிழாவில் விழாக் குழுத் தலைவர் நன்றி சொல்லி முடித்ததும் அண்ணன் ஒன்ஸ்மோர் கேட்டார். தலைவர் கண் கலங்கி, பந்தல் போட்டவரிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். இன்னொரு நாள், “ரோஸ் கவுன் போட்ட பாப்பா ஒண்ணு, அம்மாவக் காணோம்னு மேடைகிட்ட அழுதுகினு இருக்குது” என்று அறிவிப்பு வந்தது.

“ஒன்ஸ்மோர்!”

“யோவ், எம் புள்ள அழுவறது உனக்கு ஒன்ஸ்மோரா?” என்று அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டாள். நாங்கள்தான் அண்ணனை இழுத்துக்கொண்டு ஓடினோம்.

கொரோனா வந்து எல்லோரும் மாஸ்க் போட்டார்கள். ஊரே தன்னோடு பேச்சை நிறுத்திவிட்டது என்று நினைத்து அண்ணன் சோறு இறங்காமல் கிடந்தார். “நான் இன்னாடா தப்பு பண்ணேன்?” என்று எங்களிடமே கேட்டார். மாஸ்க்கைக் கழற்றி விளக்கிச் சொன்னோம். அந்தச் சமயத்தில்தான் எங்கள் சூப்பர்வைசர், மாஸ்க்குக்கு உள்ளேயிருந்து, “சாப்ட்டியாய்யா?” என்று கேட்டார்.

“புதன்கெழம சார்” என்றார் அண்ணன்.

மாஸ்க் போனது, சூப்பர்வைசரின் சந்தேகம் போகவில்லை. போன வருடம் ஒரு சனிக்கிழமை அண்ணனுக்கு எதிரே வந்து நின்று சொல்லிவிட்டார்: “திங்கக்கெழம உன்னக் காது டெஸ்ட்டுக்கு அனுப்பறேன். கேக்கலன்னா வேல கெடையாது.”

ஒரு எழுத்து விடாமல் அண்ணனுக்குப் புரிந்தது. வேலை போனால் மறுபடியும் கிரஷர்தான். “காதக் குடுத்தாச்சு. இனிமே கண்ணத்தான் குடுக்கணும்” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அன்றைக்கு அவர் முறை இல்லாவிட்டாலும் ஃபேனுக்குக் கீழே படுக்க வைத்தோம்.

மறுநாள் கடைத்தெருவில் புதிதாக ஒரு செல்போன் கடை திறந்தார்கள். முதலாளி மகன் காலேஜ் நண்பர்களை வைத்து ரோட்டோரம் ராக் கச்சேரி ஏற்பாடு செய்திருந்தான். ஆளுயரப் பெட்டிகள். முதல் அடியிலேயே பக்கத்துக் கடைக்காரர் கொத்துப் பரோட்டாவை நிறுத்திவிட்டார். தான் கொத்துவது அவருக்கே கேட்கவில்லை.

“பாட்டு எப்பப்பா ஆரம்பிப்பாங்க?” என்று ஒருவர் என் காதுக்குள் கத்தினார்.

“அதான் பாடிகினு இருக்கான்!”

பாட்டு முடிந்தது. ஒரு கைதட்டல் இல்லை. அண்ணன் மட்டும் இரண்டு கையையும் பெட்டியில் வைத்தபடி, “ஒன்ஸ்மோர்!” என்றார். பாடிய பையன் அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அதே பாட்டை இன்னும் பலமாக ஆரம்பித்தான். கூட்டம் அண்ணனைப் பார்த்த பார்வையில் பரோட்டாக் கல்லே சூடாகியிருக்கும்.

அப்போதுதான் கவனித்தேன், எங்களுக்குப் பக்கத்தில் சூப்பர்வைசர். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பேக்கரி வாசலில் அவர் மனைவி கையை ஆட்டி ஏதோ கத்திக்கொண்டிருந்தார். இவர் “என்ன? என்ன?” என்று வாயைத் திறந்து திறந்து மூடினார். அண்ணன் அந்த அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சூப்பர்வைசர் காதருகே குனிந்து, கிரஷர் சத்தத்தையே தோற்கடித்த குரலில் கத்தினார்:

“சார்! வண்டிச் சாவியக் குடுத்துட்டு இங்கயே கெடக்கணுமாம்! அம்மா வூட்டுக்குப் போறாங்களாம்! உங்க அம்மா வூடு இல்ல, அவங்க அம்மா வூடு!”

சூப்பர்வைசர் சட்டைப் பையைத் தடவினார். சாவி அங்கேதான் இருந்தது. ஓடிப்போய்க் கொடுத்தார், மனைவி இன்னும் கொஞ்சம் பேசினார், அதை அண்ணன் எங்களுக்குச் சொல்ல மறுத்துவிட்டார்.

பாட்டு முடிந்து திரும்பி வந்த சூப்பர்வைசர் அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். “இந்தச் சத்தத்துல, அவ்ளோ தூரத்துல அவ பேசினது உனக்குக் கேட்டுச்சாய்யா?”

“லேசா கேட்டுச்சு சார்” என்றார் அண்ணன், அடக்கமாக.

“டெஸ்ட்டும் வாணாம், ஒண்ணும் வாணாம். நாளைக்கு நேரா வேலைக்கு வந்துடு. எனக்குத்தான் காதப் பாக்கணும்.”

கச்சேரி முடிந்து அறைக்குத் திரும்பும்போது எங்கள் மூன்று பேருக்கும் காது அடைத்து, ‘ங்’ என்ற இரைச்சல் மட்டும்தான் இருந்தது. ஒருவர் பேசியது ஒருவருக்கு விழவில்லை. அண்ணன் அதைப் பார்த்தார். எங்களுக்கு முன்னால் போய், எங்களைப் பார்த்துத் திரும்பி, வாயசைவு நன்றாகத் தெரியும்படி ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசிக்கொண்டே, பின்பக்கமாக நடந்து வந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் வந்த வண்டிகளையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொண்டோம்.