தறப்பாள் இல்லாத தேசம்

எங்கட நாடு வானத்துக்குச் செய்மதி அனுப்பினதைப் பார்த்து உலகமே வாய்பிளந்து நிண்டதாம். அனுப்பினவையே சொல்லிச்சினம். அது எங்கட ஊர் அக்கராயனுக்கு மேலாலயும் போகுமாம், போகேக்கை எங்கட கூரைகளைப் படம் பிடிக்குமாம், அந்தப் படத்தைப் பார்த்த வெளிநாட்டு முதலீட்டாளர் காசோட வந்து இறங்குவினமாம்.

இதை அறிவிக்க உலகத்தர மேம்பாட்டுப் பணிமனை உத்தியோகத்தர் பிரதீபன் ஜீப்பில வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழட்டாமல் நேரே என்ர பக்கத்து வீட்டு ஞானேஸ்வரியின்ர படலையில போய் நிண்டார். அவாவின்ரது வீட்டுத்திட்டத்தில கட்டின வீடு. சுவர் எழும்பும் வரைக்கும் காசு வந்தது, கூரைக்கு வரேக்கை திட்டம் முடிஞ்சுது. போன வெள்ளத்துக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனம் குடுத்த நீலத் தறப்பாள்தான் கூரைக்குப் பதிலா மேல விரிச்சுக் கிடக்கு.

"அக்கா, இந்தத் தறப்பாளைக் கழட்டவேணும்."

"ஏன் சேர்?"

"மேலயிருந்து பார்த்தால் வறுமை தெரியுது."

"கீழயிருந்து பார்த்தாலும் தெரியுதே!"

"கீழ ஆர் பார்க்கினம்? வெள்ளிக்கிழமை ஒருநாள்தான். தேசத்தின்ர மானம்."

"உள்ளுக்கை காலபோகத்துக்கு வைச்ச விதைநெல் கிடக்கு. மழை பெய்து நனைஞ்சால் நான் எதை விதைக்கிறது?"

"வெள்ளிக்கிழமை மழைக்குப் பணிமனை அனுமதி குடுக்கேல்லை."

"கூரையே இல்லாமல் கிடந்தால் அது வறுமையில்லையோ?"

"இல்லை அக்கா. கூரை இல்லாத வீடு கட்டுமானம் நடக்கிற வீடு. அதுக்குப் பேர் வளர்ச்சி."

கழட்டாட்டில் கூரைக்காசு இந்தப் பிறப்பில வராது எண்டும் சொன்னார். நெல்மூட்டையை எங்கட வீட்டில வைக்கவோ எண்டு அவா என்னைக் கேட்டா. ஒருநாளுக்கு ஏன் சும்மா தூக்கி இறக்கவேணும் எண்டு நான்தான் சொன்னன். நாட்டுப்பற்று ஆரை விட்டது!

வெள்ளிக்கிழமை ஒரே முகில். செய்மதிக்கு ஒண்டும் தெரியேல்லை. அதனால் நிகழ்வு அடுத்த வெள்ளிக்குப் பிற்போடப்பட்டது. தறப்பாள் அரச பாதுகாப்பில ஜீப்புக்குள்ள ஏறிப் போச்சு. அண்டிரவே மழை கொட்டு கொட்டெண்டு கொட்டிச்சுது. ஞானேஸ்வரி எங்கட விறாந்தையில குந்தியிருந்து விடியும் வரைக்கும் அந்தப் பணிமனையைத் திட்டித் தீர்த்தா. பாவம், வேறென்ன செய்யிறது?

அடுத்த வெள்ளி நல்ல வெயில். படமும் எடுத்தாச்சு. பிரதீபன் மாலையோட ஓடி வந்தார்.

"அக்கா! நாலு சுவருக்குள்ள பச்சைப் பசேல்! வீட்டுக்குள்ளயே நெற்செய்கை! முதலீட்டாளர் மலைச்சுப் போச்சினம்!"

"அது என்ர விதைநெல், தம்பி. சாக்கைக் கிழிச்சுக்கொண்டு முளைச்சு நாசமாப் போச்சு. இந்த முறை என்ர வயல் தரிசுதான்."

சொல்லி முடிக்க முதல் அவாவுக்குக் கண்ணீர் வந்திட்டுது. அதைப் படம் எடுத்து 'ஆனந்தக் கண்ணீர்' எண்டு போட்டினம். பசியை வென்ற பெண்மணியாக வெளிநாட்டு மாநாட்டில பேச அழைப்பும் வந்தது. போய்வாற செலவு அவாவின்ரதாம்.

"அப்ப என்ர கூரைக்காசு?"

"என்ன அக்கா விசர்க்கதை? வயலுக்கு ஆராவது கூரை போடுவினமோ?"

அடுத்த செய்மதி மாசிக்குள்ள வருமாம். ஊரெல்லாம் கூரைத்தகரம் கழட்டிற சத்தம் கேக்குது. நானும் ஏணியில நிக்கிறன். மனுசி கீழ நிண்டு வாயில வந்தபடி பேசுறா. பேசட்டும், அவாக்கு உலகம் தெரியாது.